மேடு ஏறும்போது மோட்டார்ஹோம் மிஸ்ஸிங் அடிக்கிறது, செக் எஞ்சின் விளக்கு மின்னுகிறது. பத்து ஸ்பார்க் பிளக்கையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? வருடாவருடம் எஞ்சினுக்கு என்ன செய்ய வேண்டும்?

பணம் கட்டிவிடாதீர்கள். பத்து பிளக் என்று சொன்னவரிடம் "எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது?", அதாவது எதில் பெட்ரோல் ஒழுங்காக எரியவில்லை, என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உங்களுக்கு பிளக் என்றார்கள், எனக்கு கியர்பாக்ஸே போச்சு என்றார்கள். அந்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவன். "டீசல் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை" என்று எழுதப் போகிறவர்களுக்கு: டீசல் மோட்டார்ஹோமின் விலையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

பத்து பிளக் என்பதால் ஃபோர்டின் 6.8 லிட்டர் வி10 என்று எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பதும் அதுதான். 2005 மாடல், ஃபோர்டு இ-450 வேனின் அடிச்சட்டம் மேல் கட்டிய, கிளாஸ் சி என்கிற ரகம். சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறினால் ஆறு டன்னைத் தொடும். கேலனுக்கு எட்டு மைல் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

2022 ஜூலையில் மாமனாரும் மாமியாரும் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு யூட்டாவில் இருக்கும் சையன் தேசியப் பூங்காவைக் காட்டலாம் என்று குடும்பத்தோடு கிளம்பினோம். பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி டெஹாச்சபி மேட்டில் ஏறும்போதே வண்டி லேசாக உதறியது. ரோட்டில் கோடு போட்ட மாதிரி வெட்டி வைத்திருப்பார்களே, அதன்மேல் டயர் ஏறினால் வரும் உதறல் மாதிரி. செக் எஞ்சின் விளக்கு மின்னாமல் விடாது எரிந்தது. கேஸ் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் அந்த விளக்கு எரியும் என்று எங்கோ படித்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன். இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

பேக்கர் தாண்டியதும் ஐ-15 நெடுஞ்சாலை நிமிர்ந்து நிற்கும். பேக்கர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிகூட இல்லாத ஊர், அங்கிருந்து ஹாலோரன் உச்சி வரை போனால் நாலாயிரம் அடி. எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏசியை அணையுங்கள் என்று ரோட்டோரம் பலகையே வைத்திருக்கிறார்கள். நானும் அணைத்தேன். உள்ளே ஆறு பேர் வெந்துகொண்டிருக்க, பாதி மேட்டில் விளக்கு மின்ன ஆரம்பித்தது.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். விளக்கு மின்னாமல் விடாது எரிந்தால் சீக்கிரம் பார்க்க வேண்டும். மின்னினால் அந்த நிமிடமே காலை எடுத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். கன்வெர்டர் உருகினால் பிளக் செலவெல்லாம் சில்லறை. நான் ஹசார்ட் விளக்கைப் போட்டு ஊர்ந்து, அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பினேன். பேக்கர் வரை இறக்கம், எஞ்சினுக்கு வேலையில்லை, ஒரு உதறலும் இல்லை. அங்கே 134 அடி உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் கம்பம் நிற்கும். பக்கத்து டெத் வேலியில் 1913-இல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக அந்த உயரம். அதன் நிழலில் என் மாமியார் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மோட்டார்ஹோமுக்கென்று தனியாக சாலை உதவித் திட்டம் எடுத்திருந்ததால் பெரிய டோ வண்டி வந்தது. (காருக்கான திட்டம் போதும் என்று நினைக்காதீர்கள். இந்த எடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிடும் திட்டங்கள் உண்டு.) அறுபது மைல் பின்னால் பார்ஸ்டோவில் ஒரு பட்டறையில் விட்டார்கள். அங்கிருந்தவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, டிரான்ஸ்மிஷன் (கியர்பாக்ஸ்) போய்விட்டது, பிரித்துக் கட்ட 4,800 டாலர், ஒரு வாரம் ஆகும் என்றார்.

மாமனாருக்கு இங்கிலீஷ் புரியவில்லை. நான் மொழிபெயர்த்ததும் சிரித்தார். அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் எண்ணெயில் கை நனைத்தவர்.

"கியர்பாக்ஸ் வழுக்குச்சுன்னா எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும் மாப்ளே, வண்டி நகராது. இங்க முள்ளு ஏறவே இல்லையே. எஞ்சின்தான் தும்முது. இது மிஸ்ஸிங்கு."

எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளைத்தான் சொன்னார். ஆறு மணி நேரம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் ரோட்டைப் பார்க்க, அவர் முள்ளைப் பார்த்திருக்கிறார்.

"எங்க டீசல் வண்டில ஒவ்வொரு இஞ்செக்டர் பைப்பா நட்டைத் தளர்த்துவோம். எதைத் தளர்த்துனா சத்தம் மாறலியோ அதுதான் செத்த சிலிண்டர். இதுல அப்படிப் பாக்க முடியாதா?"

முடியும். அதைவிடச் சுலபமாகவே முடியும், எனக்குத்தான் உறைக்கவில்லை. பட்டறைக்காரருக்குச் சோதனைக் கூலி 180 டாலரை அழுதுவிட்டு, பக்கத்து உதிரிபாகக் கடையில் 35 டாலருக்கு ஒரு கோட் ரீடர் வாங்கினேன், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுது எண்ணைக் காட்டும் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியதும் பி0304 என்று வந்தது. பி0301-இலிருந்து பி0310 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு சிலிண்டர். இந்த எஞ்சினில் வலது கைப்பக்கம் முன்னாலிருந்து 1 முதல் 5, ஓட்டுநர் பக்கம் 6 முதல் 10. ஆக, வலது பக்கம் நாலாவது.

சரி, எந்த சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. அதில் என்ன கெட்டது? இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜ் கொடுக்கும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும். சந்தேகப்படும் காயிலைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் போட்டு, அதனுடையதை இங்கே போட வேண்டும். ரீடரில் பழைய எண்ணை அழித்துவிட்டு ஒரு மேட்டில் ஓட்ட வேண்டும். எண் காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில் அல்லது அதன் அடியில் பிளக்கை மூடும் ரப்பர் உறை (பூட்) கெட்டது. எண் அசையாமல் இருந்தால் பிளக், இஞ்செக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இதற்குச் செலவு பூஜ்யம்.

முன் சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் எஞ்சின் மூடியைக் கழற்றினால் பின் சிலிண்டர்கள் வண்டிக்குள்ளிருந்தே கைக்கு எட்டும். அதற்கு இங்கே டாக்ஹவுஸ் என்று பெயர். காயிலுக்கு ஒரே ஒரு போல்ட், 7 மில்லிமீட்டர் சாக்கெட். சாயங்காலம் ஏழு மணிக்கும் அனல் அடிக்கிற அந்தக் கடை வாசலில் நான் கழற்ற, மாமா டார்ச் பிடித்தார். 4-ஐ 3-க்கு மாற்றினேன். ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் ஓட்டினோம். பி0303!

அந்த ரப்பர் பூட்டை உரித்துப் பார்த்தால் உள்ளே பென்சிலில் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு, ஸ்பிரிங்கில் துரு. சமதரையில் ஒழுங்காக ஓடியது ஏன் மேட்டில் தும்முகிறது என்பதற்கு அந்தக் கோடுதான் பதில். மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் காற்று நிறைய நுழைந்து அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் பொறி தாண்ட வோல்டேஜ் அதிகம் வேண்டும். மின்சாரம் அவ்வளவு கஷ்டப்படுவானேன் என்று ரப்பர் கீறல் வழியாகப் பக்கவாட்டில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குத் தாவிவிடும். பிளக்கில் பொறி இருக்காது. டாப் கியரில் நாற்பது ஐம்பது மைல் வேகத்தில், எஞ்சினை கியர்பாக்ஸோடு இணைக்கும் டார்க் கன்வெர்டர் (புகைக்குழாயில் இருப்பது வேறு) பூட்டிக்கொண்டு ஓடும்போது அந்த அடி நேராக வண்டிக்குள் வருவதால்தான் கியர்பாக்ஸ் உதறுகிறது என்று ஏமாந்துபோகிறார்கள். பட்டறைக்காரர் உண்மையிலேயே ஏமாந்தாரா என்று எனக்குத் தெரியாது, நல்லெண்ணத்தில் அப்படியே வைத்துக்கொள்வோம்.

துரு எப்படி வந்தது? நான்தான். மாமனார் வருகிறாரே, எஞ்சினும் பளிச்சென்று இருக்கட்டும் என்று இரண்டு வாரம் முன்னால் பிரஷர் வாஷர் வைத்து அடித்திருந்தேன். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கிவிட்டது. பழைய ரப்பருக்கு அது போதும். தயவுசெய்து எஞ்சினைக் குளிப்பாட்டாதீர்கள்.

புது காயிலும் ஒரு பிளக்கும் நூறு டாலருக்குள் முடிந்தது. மறுநாள் ஹாலோரன் உச்சியை ஏறினோம். மாமா முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிளக்கே மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்குள் யாரும் சண்டைக்கு வராதீர்கள். ஃபோர்டு சொல்லும் கணக்கு 1,00,000 மைல். அந்தப் பக்கம் போய்விட்டீர்கள் என்றால், அல்லது முந்தைய ஓனர் மாற்றியதற்குக் கணக்கு இல்லை என்றால், பத்தையும் ரப்பர் பூட்டோடு சேர்த்து மாற்றுங்கள். நானும் ஊர் திரும்பி மாற்றினேன், ஒரு சனி ஞாயிறு முழுக்கப் போனது. எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும், ஹெட் அலுமினியம். கழற்றும் முன் குழியில் காற்றடித்து மண்ணை ஊதித் தள்ள வேண்டும். ஒரு துண்டு ரப்பர் குழாயில் பிளக்கைச் செருகிக் கையாலேயே மரை ஏற்ற வேண்டும், கடைசியில்தான் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச். பிளக் முனை இடைவெளி 1.3 முதல் 1.4 மில்லிமீட்டர். இந்த எஞ்சினின் ஆரம்ப வருடங்களில் ஹெட்டில் பிளக்குக்கு நாலே நாலு மரைதான் இருந்தது, பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே தெறித்த கதைகள் உண்டு. பின்னால் வந்த, சிலிண்டருக்கு மூன்று வால்வ் உள்ள எஞ்சினில் நேர்மாறு, பிளக் உள்ளேயே உடைந்து மாட்டிக்கொள்ளும். உங்களுடையது மூன்று வால்வ் என்றால் அதில் பழகியவரிடமே விடுங்கள்.

பி0300 வந்தால் எந்த சிலிண்டர் என்று நிலையாக இல்லை என்று பொருள். கூடவே பி0171, பி0174 இரண்டும் வந்தால் காயிலைத் தொடவே தொடாதீர்கள். இரண்டு பக்கமும் பெட்ரோலுக்கு மேல் காற்று அதிகம். எஞ்சினுக்குக் காற்று நுழையும் வாயான திராட்டில் பாடிக்குப் பின்னால் வளைந்திருக்கும் ரப்பர் வேக்கம் குழாய் வெயிலில் வெடித்திருக்கிறதா என்று கை விட்டுத் தடவிப் பாருங்கள். பிறகு காற்று அளக்கும் சென்சாரைச் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் ஃபியூவல் பிரஷர்.

வருடாந்தரப் பராமரிப்பு கேட்டிருந்தீர்கள். நம் வண்டிகள் ஓடித் தேய்வதைவிடச் சும்மா நின்றுதான் கெடுகின்றன. எண்ணெய் 5டபிள்யூ-20, மைல் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை. நிறுத்தி வைக்கும்போது டேங்க் நிறைய இருக்கட்டும், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் கெட்டுவிடும். மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உறும விடுவது புண்ணியமில்லை, எண்ணெயில் ஈரம்தான் சேரும். எடுத்து இருபது முப்பது மைல் ஓட்டுங்கள். ஜெனரேட்டரை மாதம் இரண்டு மணி நேரம், பாதி லோடாவது கொடுத்து ஓடவிடுங்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் அது தானாக நின்றுவிடும், அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், பயப்படாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போது கையை உள்ளே விடும் முன் எட்டிப் பாருங்கள். எங்கள் ஸ்டோரேஜ் மைதானத்து எலிகள் அதற்குள் குடித்தனமே நடத்தின.

ஸ்டோரேஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டியை ஒரு நண்பர் யோசமிட்டி போக இரவல் கேட்டார். கொடுத்தேன். டேங்க் காலி, அதுகூடப் பரவாயில்லை. கழிவறைத் தொட்டியைக் காலி செய்யாமல், ஆகஸ்ட் மாதத்தில், என்னிடமும் சொல்லாமல் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து நான் கதவைத் திறந்தேன். அதற்கு மேல் எழுத முடியாது, படிப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். கேட்டால், "நீதான் வண்டி வேலையெல்லாம் ஆசையா செய்வியே" என்கிறார். இப்போது யார் கேட்டாலும் வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலையாக ஒரு கோட் ரீடர் வாங்குங்கள். எண்ணும், வண்டி எந்த வருட மாடல் என்பதும், எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதும் கீழே எழுதுங்கள். மாமா ஊரில்தான் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் கேட்டுச் சொல்கிறேன்.