மால்டாவில் எங்கே டைவ் அடிக்கலாம்?

கேள்வி: ஊருணியில் நீச்சல் பழகியவன் நான். காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபாவில் 'ஓப்பன் வாட்டர்' என்ற தொடக்கநிலைச் சான்றிதழும் வாங்கியாயிற்று. செப்டம்பரில் மால்டாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறேன், எங்கே டைவ் அடிக்கலாம்? – வாசகர், தேவகோட்டை

பதில்: முதல் வேலையாகப் படகேறிப் பக்கத்துத் தீவான கோசோவுக்குப் போய்விடுங்கள். அங்கே த்வேரா கரையில் 'ப்ளூ ஹோல்' இருக்கிறது, உங்கள் ஊர் வீட்டு முற்றம் மாதிரி மேலே வானம் திறந்து கிடக்க, சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே ஒரு நீர்க்குழி, சுமார் 15 மீட்டர் ஆழம், உள்ளே இறங்கி ஒரு பாறை வளைவைத் தாண்டினால் நேரே திறந்த கடல்தான். அதை ஒட்டி நின்ற 'அஸூர் விண்டோ' என்ற பெரிய இயற்கைப் பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்துவிட்டது, பழைய போட்டோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆனால் விழுந்த பாறைகளைப் பார்க்கவே இப்போது டைவர்கள் இறங்குகிறார்கள்.

மூழ்கிய கப்பல்தான் பார்க்க வேண்டும் என்றால் 'உம் எல் ஃபரூட்'. 110 மீட்டர் நீள எண்ணெய்க் கப்பல், 1995இல் கப்பல்துறையில் வெடித்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்துபோனார்கள், 1998இல் டைவர்களுக்காகவே அதை மூழ்கடித்தார்கள். சரி, அங்கே கடலடி 35 மீட்டர் போல வரும், உங்கள் சான்றிதழுக்கோ 18 மீட்டர்தான் எல்லை, அடுத்த நிலைப் பயிற்சியான அட்வான்ஸ்டு முடிக்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அப்புறம், கடைசி டைவுக்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள், உடம்பில் தங்கிய நைட்ரஜன் வெளியேற வேண்டும். தம்பி வீட்டு விருந்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாமே!