அடி கசியும் விறகுச் சூளைக் குவளைக்கு

விறகுச் சூளையில் சுட்ட தேநீர்க் குவளை, வைத்த இடத்தில் ஈர வளையம் போடுகிறது, விரிசலாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். முதலில் விளிம்பை நகத்தால் சுண்டிப் பாருங்கள். கரகரவென்று உடைந்த ஒலி வந்தால்தான் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும்.

இல்லையென்றால், மண் முழுதாக இறுகவில்லை. விறகுச் சூளைக்குள் சூடு ஒரே சீராக இருக்காது. தீவாய்க்கு அருகே 1,250 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் மற்ற மூலைகளில் குறைவாகவே ஏறும். அங்கே நின்ற குவளையில் நுண்துளைகள் மிஞ்சும். உங்கள் குவளையைத் திருப்பிப் பாருங்கள்: சாம்பல் படிந்து உருகி, பச்சையாகக் கண்ணாடிபோல் மின்னும் பக்கம் இருந்தால், அதுதான் தீயைப் பார்த்து நின்ற பக்கம். மறுபக்கம் வறண்டு சொரசொரப்பாக இருக்கும். எனக்கு அந்த வறண்ட பக்கத்தைத் தடவிக்கொண்டே குடிப்பதுதான் பிடிக்கும்.

சரி, கசிவுக்கு வருவோம். ஆறிய கஞ்சித் தண்ணீரில் குவளையை மூழ்கவைத்து, சிறு தீயில் மெதுவாகக் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். மாவுச்சத்து துளைகளை அடைக்கும். அப்புறம் வெந்நீரில் அலசி, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். சோப்பு மட்டும் வேண்டாம், வாசனை உள்ளேயே தங்கிவிடும்.