எம்.பி.ஏ. படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வைச் சுருக்கிவிட்டார்களாமே, இப்போது சுலபமா? அண்ணனுடைய பழைய புத்தகங்களை வைத்தே படிக்கலாமா?

சுலபமாகவில்லை. பழைய புத்தகங்களில் பெரும்பகுதி இன்னும் உதவும். ஆனால் அவற்றை மட்டும் நம்பிப் போனால் மூன்றில் ஒரு பங்கு தேர்வுக்குத் தயாராகாமல் போய் உட்காருவீர்கள். பழைய வடிவத்தை 2021-லும் புதியதை 2024-லும் எழுதியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மாற்றம் வந்தது 2023 நவம்பரில். முதலில் ‘ஃபோகஸ் எடிஷன்’ என்ற பெயரில் பழையதோடு சேர்ந்தே நடந்தது. 2024 ஜனவரியோடு பழையது நின்றுவிட்டது, இப்போது ஜிமேட் என்றாலே இதுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் எழுதிய தேர்வு 2 மணி 15 நிமிடமாகிவிட்டது. கட்டுரை போயிற்று, வாக்கியப் பிழை திருத்தும் சென்டென்ஸ் கரெக்‌ஷன் போயிற்று, கணக்கில் வடிவியல் போயிற்று. கணக்குப் பகுதியான குவான்ட் 21 கேள்வி, ஆங்கிலப் பகுதியான வெர்பல் 23, தரவுகளைப் படித்து முடிவெடுக்கும் டேட்டா இன்சைட்ஸ் 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். எதை முதலில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம்.

இதையெல்லாம் கேட்டு எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் முதல் மாக் டெஸ்டில் வெர்பல் நேரம் முடிந்தபோது நான்கு கேள்விகள் தொடாமலே கிடந்தன. யோசித்துப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. பழைய வெர்பலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சென்டென்ஸ் கரெக்‌ஷன். ஒரு நிமிடத்துக்கு ஒன்று முடித்துவிடலாம். அங்கே மிச்சம் பிடித்த நேரத்தில்தான் நீளமான பத்திகளை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது 23 கேள்வியும் பத்தி படித்து விடை சொல்லும் ரீடிங்கும், வாதத்தை ஆராயும் கிரிட்டிகல் ரீசனிங்கும் மட்டுமே. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுசாக இல்லை, மூச்சு வாங்க இடமும் இல்லை.

உண்மையான மாற்றம் டேட்டா இன்சைட்ஸில் இருக்கிறது. முன்பு அட்டவணை, வரைபடம் பார்த்து விடை சொல்லும் இன்டக்ரேடட் ரீசனிங் என்று 12 கேள்விகள் இருந்தன. அந்த மதிப்பெண் தனியாகத்தான் வரும், மொத்தத்தில் சேராது. நான் உட்படப் பலர் அதற்கு ஒரு வாரம் ஒதுக்கியதோடு சரி. இப்போது அதே வகைக் கேள்விகள், குவான்டிலிருந்து எடுத்த, கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்கும் டேட்டா சஃபிஷியன்ஸியோடு சேர்ந்து, குவான்டுக்கும் வெர்பலுக்கும் சமமான எடையோடு மொத்தத்தில் சேர்கின்றன.

ஒரு அட்டவணைக் கேள்வியைப் பாருங்கள். 25 வரிசை, ஆறு நெடுவரிசை. கீழே மூன்று கூற்றுகள், ஒவ்வொன்றும் சரியா தவறா என்று குறிக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். இரண்டு சரி, ஒன்று தவறு என்றால் பூஜ்யம்தான். கால்குலேட்டர் இந்தப் பகுதியில் மட்டும் திரையிலேயே கிடைக்கும். நான் ஆரம்பத்தில் எடுத்ததற்கெல்லாம் அதைத் தட்டி நேரத்தை வீணாக்கினேன். இடைநிலை மதிப்பு (மீடியன்) கேட்டால் அந்த நெடுவரிசையை வரிசைப்படுத்தி 13-ஆவது வரியைப் பார்த்தால் போதும், கணக்கே வேண்டாம். இந்தப் பழக்கம் கைக்கு வர எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

ஒவ்வொரு பகுதி முடிவிலும் திரும்பிப் பார்த்து மூன்று விடைகள் வரை மாற்றலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாக் கேள்விக்கும் விடை அளித்த பிறகு நேரம் மிச்சமிருந்தால்தான் அது பயன்படும். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு கேள்வியையும் விடையில்லாமல் தாண்டிப் போக முடியாது. ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு, புக்மார்க் வைத்துவிட்டு நகருங்கள்.

மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழையது 200 முதல் 800 வரை, புதியது 205 முதல் 805 வரை, கடைசி இலக்கம் எப்போதும் 5. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அளவுகோல் வேறு. தேர்வை நடத்தும் ஜிமேக் வெளியிட்ட ஒப்பீட்டுப்படி இன்றைய 645 ஏறக்குறைய அன்றைய 700. முதல் முறை 680 வாங்கிய நான் இரண்டாம் முறை 645 வாங்கினேன். வீட்டில் குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்கள், விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் அண்ணனின் மதிப்பெண்ணோடு உங்களுடையதை நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

சரி, புத்தகங்கள். குவான்டில் வடிவியல் பாடங்களைத் தாண்டிவிடுங்கள், மீதி அப்படியே செல்லும். ரீடிங், கிரிட்டிகல் ரீசனிங் கேள்விகள் முழுவதும் பயன்படும். டேட்டா சஃபிஷியன்ஸியும் போடுங்கள். சென்டென்ஸ் கரெக்‌ஷன் பக்கங்களைத் திறக்கவே வேண்டாம். டேட்டா இன்சைட்ஸுக்கு மட்டும் புதிய பதிப்பு ஒன்று வாங்கிவிடுங்கள், அதைத் திரையில் பழகுங்கள், தாளில் வேண்டாம். ஜிமேக் தளத்தில் இரண்டு முழுத் தேர்வுகள் இலவசம். ஒன்றை இந்த வாரமே எழுதுங்கள், இன்னொன்றைத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எழுதுங்கள்.