ஏரிப் பக்கம் வீடு வாங்குகிறவர்களுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தாம்பரத்தைச் சுற்றியே இருக்கின்றன. பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் 2021-இல் தாம்பரத்தோடு சேர்ந்து மாநகராட்சி ஆனதிலிருந்து அங்கே ஏரியைக் காட்டி வீடு விற்பது அதிகமாகிவிட்டது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: செம்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்தோம். பால்கனியில் நின்றால் ஏரி தெரியுமாம். ஒப்பந்தத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், இப்போது கால் பங்குப் பணத்தைக் கட்டினால் இதே விலைக்குத் தருகிறோம் என்கிறார்கள். கட்டலாமா?
(வாசகர், குரோம்பேட்டை)

பதில்: கட்டக் கூடாது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதை 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் நாளிலேயே சட்டத்தை மீறச் சொல்கிறவர் சாவி கொடுக்கும் நாளில் நியாயமாக நடப்பார் என்று எதை வைத்து நம்புவது? திட்டத்தின் பதிவு எண்ணை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஏரி தெரியும் என்று அச்சடித்த விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். பொய்யான விளம்பரத்தை நம்பி வாங்கி நட்டப்பட்டவருக்கு அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. பால்கனிக்கும் ஏரிக்கும் நடுவில் உள்ள காலி மனை யாருடையது என்பதையும் விசாரியுங்கள்.

கேள்வி: வீட்டு வரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, பட்டா மட்டும் இல்லை. அக்கம்பக்கத்து விலையில் பாதிக்குக் கொடுக்கிறார். வாங்கலாமா?
(வாசகர், பீர்க்கன்காரணை)

பதில்: வேண்டாம்.

கேள்வி: முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீடு பிடித்துப்போயிற்று. வடிகால் போட்டுவிட்டார்கள், இனிமேல் தண்ணீர் நிற்காது என்கிறார் தரகர். மே மாதம் போய்ப் பார்த்தோம், தெரு காய்ந்து சுத்தமாக இருந்தது. நம்பி முன்பணம் கொடுக்கலாமா?
(தம்பதியர், மேற்குத் தாம்பரம்)

பதில்: மே மாதத்தில் எந்தத் தெருதான் காய்ந்திருக்காது? 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பகுதியில் மறுபடியும் வெள்ளம் வந்தது. மேற்குத் தாம்பரத்தில் இருக்கிற நீங்கள் இதைத் தரகரிடம் கேட்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த விஷயத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறுவதில்லை. வாசல் எந்தத் திசை என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதவர்கள் குறைவு. தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வரும் என்று கேட்டு எழுதியவர்களோ மிகச் சிலர். ஏரியைத் தண்ணீர் நிற்கிற பள்ளம் என்று நினைக்கிறார்கள். வரத்துக் கால்வாய் அதற்கு நீரைக் கொண்டு வருகிறது, கரை தடுத்து நிறுத்துகிறது, மதகு வயலுக்கு விடுகிறது. நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகிறது. சிட்லப்பாக்கம் ஏரியின் உபரி நீர் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர வேண்டும். மதகுக்குக் கீழே இருந்த வயல்கள் இன்று மனைகள். கலங்கலிலிருந்து போன கால்வாய்கள் பல இடங்களில் தெருக்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தன் பழைய வழியில்தான் வருகிறது.

ஆகவே கரையில் நின்று காற்று வாங்கியது போதும், கலங்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கிருந்து நடந்து பாருங்கள். சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம் இருக்கும். ஒரு பக்கம் கால்வாய் வந்து அதில் நுழையும், மறுபக்கம் போய்ப் பார்த்தால் யாரோ ஒருவரின் காம்பவுண்டுச் சுவர் நிற்கும். நீங்கள் பார்த்த வீடு அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். தெருவில் பழைய வீடுகளின் மின் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது, நிலைப்படிக்கு முன்னால் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் எந்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் என்று கேளுங்கள். அவருக்கு உங்களிடம் விற்க வீடு எதுவும் இல்லை.

பிறகு காகிதங்கள். கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் எடுத்து, உங்கள் சர்வே எண்ணோடு சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில், நகர நில அளவை முடிந்த இடமென்றால் அதற்கான பதிவேட்டில், அந்த எண்ணுக்கு எதிரே ஏரி, ஓடை, வாய்க்கால் என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. இவற்றில் பெரும்பாலானவை அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. முழங்கால் தண்ணீரில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்கள் எழுதும் கடிதங்களை நான் ஆண்டுதோறும் படிக்கிறேன். தயவுசெய்து நீங்கள் அடுத்த கடிதத்தை எழுதாதீர்கள்.

கேள்வி: வங்கி கடன் தர ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் பத்திரங்கள் சரியாக இருக்கின்றன என்றுதானே பொருள்?
(வாசகர், பம்மல்)

பதில்: வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்த்தார். உங்களுக்காகப் பார்க்க ஒருவரை நீங்கள்தான் அமர்த்த வேண்டும்.

கேள்வி: மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு மிக அருகில் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருகிறது. வாங்கி, இடித்து, இரண்டு மாடி கட்ட எண்ணம். இடையூறு ஏதும் உண்டா?
(ஆசிரியை, சேலையூர்)

பதில்: உண்டு. கேட்டுவிட்டு வாங்க நினைத்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். அது சோழர் காலக் கோயில், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டக் கூடாது. உரிய அனுமதி பெற்றுப் பழுது பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்குள் கட்டுவதென்றால் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். கோபுரத்திலிருந்து அளக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். பல்லாவரத்தில் வாங்குகிறவர்களும் இதைப் படிக்கட்டும். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஊர் அது. பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் உள்ள இடங்களையொட்டி அங்கேயும் இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. வீட்டை இருக்கிறபடியே வைத்து வாழ முடியுமானால் வாங்குங்கள்.

கேள்வி: 1,000 சதுர அடி என்றார்கள். அளந்தால் உள்ளே 720 கூட இல்லை. கார் நிறுத்தவும் தனியாகப் பணம் கேட்கிறார்கள். இது முறையா?
(வாசகர், ராஜகீழ்ப்பாக்கம்)

பதில்: படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்து 1,000 என்றிருப்பார்கள். ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியா என்ன என்று பாருங்கள். உள்சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. கூடவே, நிலத்தில் உங்கள் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். நாளை கட்டடத்தை இடிக்க நேர்ந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது அதுதான்.

திறந்தவெளியில் கார் நிறுத்தும் இடம் எல்லோருக்கும் பொதுவானது, விற்கவே முடியாது. மூடிய இடமென்றால் அதன் எண்ணும் அளவும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். நான் வாங்கிய முதல் அடுக்குமாடி வீட்டில் இதற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு ரசீதில் “இதர செலவு” என்று எழுதிக் கொடுத்தார்கள். குடிபோனபோது அதே இடம் மேல்தளத்துக்காரருக்கும் விற்கப்பட்டிருந்தது. இருவர் கையிலும் அதே இரண்டு சொல் ரசீது. பணம் திரும்பவே இல்லை.

கேள்வி: பக்கத்திலேயே ஏரி இருப்பதால் நிலத்தடி நீருக்குக் கவலை இல்லைதானே?
(வாசகி, சிட்லப்பாக்கம்)

பதில்: 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களைக் கேளுங்கள். ஏரியில் கழிவுநீர் கலந்தால் முதலில் கெடுவது பக்கத்துக் கிணறுகள்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். பரிசோதிக்காமல் குடிபோய், உப்பு நீருக்காக விற்பனையாளர் தலையில் கட்டிய விலையுயர்ந்த சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

கேள்வி: பவர் ஏஜென்டிடம் ஒரு மனை வாங்கிப் பதிவும் செய்துவிட்டோம். பவர் கொடுத்த அப்பா பதிவுக்கு முன்பே இறந்துவிட்டார் என்று இப்போது மகன்கள் சொல்கிறார்கள். தரகர் தெரிந்தவர் என்பதால் நாங்கள் எதையும் விசாரிக்கவில்லை.
(வாசகர், பெருங்களத்தூர்)

பதில்: நிலத்துக்கு உரியவரை ஒரு முறைகூட நேரில் பார்க்காமல் இத்தனை லட்சங்களைக் கொடுத்திருக்கிறீர்கள். பொதுவாக, பவர் கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். விதிவிலக்குகள் உண்டு, பவர் பத்திரத்தைச் சிவில் வழக்கறிஞர் ஒருவர் படித்தால்தான் உங்களுடையது எது என்று தெரியும். மகன்கள் பேசத் தயாராக இருந்தால், வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட்ட புதுப் பத்திரம் ஒன்றே நல்ல வழி. யாருக்கும் மேற்கொண்டு ஒரு ரூபாயும் தராதீர்கள்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு வந்த பணத்தில் ஏரிக்கு அருகே சின்ன வீடு வாங்கினேன். பதிவு செய்த பத்திரம் இருக்கிறது, பட்டா நிலம் என்றுதான் விற்றார்கள். வரி கட்டுகிறேன். இப்போது வீடு ஏரி நிலத்தில் இருப்பதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எனக்குத் தூக்கமே வருவதில்லை.
(வாசகி, ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: அம்மா, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். நம்பியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஏரி நிலத்தில் நின்ற வீட்டுக்கு வரி எண் கொடுத்தவர்கள், மின் இணைப்பு கொடுத்தவர்கள் எல்லோரும் நிம்மதியாக இருக்க, கடைசியில் வாங்கியவர் மட்டும் தெருவுக்கு வருவது பெரிய அநியாயம். அதை இந்தப் பகுதியில் தொடர்ந்து எழுதுவேன்.

நோட்டீஸில் கொடுத்த கெடுவுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நில அளவை செய்யக் கேளுங்கள். பத்திரத்தில் பக்கத்துப் பட்டா நிலத்தின் சர்வே எண்ணைப் போட்டுவிட்டு, நேரில் புறம்போக்கில் நிற்கும் வீட்டைக் காட்டி விற்பது இங்கே பழகிப்போன மோசடி. அளந்தால்தான் எது எங்கே என்று தெரியும். ஏரி நிலம்தான் என்று உறுதியானால் ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றும் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டைக் காப்பாற்றுவது மிகக் கடினம், உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் விற்றவரை விடக் கூடாது. தனக்கு உரிமை இருக்கிறது என்று உறுதி சொல்லி விற்றவராகவே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அவரைக் கருதுகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம், மோசடிக்குக் காவல் துறையில் புகாரும் கொடுக்கலாம். வழக்கறிஞர் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கும். பத்திரம், பணம் கொடுத்த வங்கிக் கணக்கு விவரம், வரி ரசீது, நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். வழக்குக்குக் காலவரம்பு உண்டு, விற்றவரும் சொத்துகளை வேறு பெயருக்கு மாற்றிவிடுவார்.