கமராவை மாற்றியதும் பயம் போய்விட்டதா?

தம்பி, முன்பு செய்த அரிசி மில் திகில் கேமை இப்போது புதிதாகச் செய்கிறீர்கள், கமராவைக் கேமில் நடக்கும் ஆளின் தோளுக்குப் பின்னால் வைத்ததும் பயமே இல்லை என்று கிளிநொச்சியிலிருந்து எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பழைய கமராவுக்குத் திரும்பிப் போக வேண்டாம்.

பழைய கேமில் அறைக்குள் ஒரே இடத்தில் நின்ற நிலையான கமரா மூலைக்கு அப்பால் இருப்பதை மறைத்தது. அந்த வேலையை இனி வேறொன்று செய்ய வேண்டும். 1998இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 என்ற திகில் கேமை 2019இல் மறுபடி செய்தபோது, கப்கொம் நிறுவனம் அந்த வேலையை இருட்டிடமும் சத்தத்திடமும் கொடுத்தது. ரோச் வெளிச்சம் விழும் இடம்தான் தெரியும். துரத்திவரும் ராட்சதன் மிஸ்டர் எக்ஸின் காலடி எங்கோ கேட்கும். எந்தப் பக்கம் என்று நின்று காது கொடுக்க வேண்டிவரும். உங்கள் மில்லில் உமி கொட்டிக் கிடக்கிறதுதானே? ஆள் நின்ற பிறகும் உமியில் ஒரேயொரு காலடி கேட்கட்டும்.

பழைய கேமை விளையாடியவர்களுக்கு வழி மனப்பாடம், அதுதான் பெரிய சிக்கல். முதல் ரெசிடென்ட் ஈவிலின் 2002 மறுவடிவம் இதை அருமையாகச் சமாளித்தது. விழுத்திய ஸொம்பியை எரிக்காமலோ தலையைச் சிதைக்காமலோ விட்டால், பிறகு இன்னும் வேகமாக எழும்பி வரும். மண்ணெண்ணெயும் அளவாகத்தான் கிடைக்கும். ஆபத்தில்லை என்று நினைத்த நடைபாதையே பயமாகிவிடும்.

இடங்களை மட்டும் வெட்டாதீர்கள். 2020இல் வந்த மூன்றாம் பாகத்தின் மறுவடிவத்தில் மணிக்கூட்டுக் கோபுரப் பகுதியை எடுத்தது எனக்கு இன்னும் மனவருத்தம்.

சரி, முதல் அறையை மாற்றி ஏற்றுங்கள். ஹெட்போன் போட்டு விளையாடிவிட்டு எழுதுகிறேன்.