ரோடு பைக்குக்கு ஒன்பதாயிரம் ரூபாய் டயர் தேவையா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். எடை 70 கிலோ. சென்ற ஆண்டு 35,000 ரூபாய்க்கு ரோடு பைக் (மெல்லிய டயருள்ள வேக சைக்கிள்) வாங்கினேன். ஞாயிறுதோறும் சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போய்த் திரும்புகிறேன். வண்டியோடு வந்த 25 மி.மீ. டயர்களில் 110 பி.எஸ்.ஐ. காற்று வைக்கிறேன். மாதம் இரண்டு பஞ்சராவது ஆகிவிடுகிறது. நல்ல டயர் ஜோடி 9,000 ரூபாய் என்கிறார்கள். வண்டி விலையில் கால் பங்கை டயருக்குக் கொடுப்பது சரியா?

பதில்: சரிதான். ஆனால் பணத்தை எடுக்கும் முன் காற்றைக் குறைத்துப் பாருங்கள். உங்கள் எடைக்கு 110 மிகவும் அதிகம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அந்த அளவுக்கு அடிக்க வேண்டும் என்று பொருளில்லை. இதே 25 மி.மீ. டயரில் முன்னே 80, பின்னே 85 வைத்து ஒரு ஞாயிறு போய் வாருங்கள். கல்லாக இறுகிய டயர் ஒவ்வொரு ஜல்லிக்கும் எகிறும்; நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கு வண்டியையும் முதுகையும் குலுக்குவதிலேயே வீணாகும். காற்றைக் காலையில், நிழலில் வைத்து அளக்க வேண்டும். நம் ஊர்க் கோடை வெயிலில் வண்டியை நிறுத்திவைத்தால் காற்றழுத்தம் ஐந்தாறு பி.எஸ்.ஐ. தானாக ஏறும்.

இனி டயருக்கு வருவோம். சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்கி மீண்டும் விரிகிறது. அந்த நசுங்கலில் ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் கொஞ்சம் சக்தியைச் சூடாக்கித் தொலைக்கின்றன. மலிவான டயரில் நூல் தடித்தது, ரப்பர் கனத்தது. அதனால் தொலைவதும் அதிகம். நல்ல டயரில் நூல் மெல்லியது, நெருக்கமானது. ரப்பர் கலவையும் உயர்ந்தது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் உங்கள் எடையுள்ளவருக்கு, இரண்டு டயரையும் சேர்த்து ஏறத்தாழ 15 வாட் மிச்சமாகலாம். அந்த வேகத்துக்கு நீங்கள் மிதிப்பதே நூறு வாட்டைச் சுற்றித்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் வேகம் கூடும்; அம்பாசமுத்திரம் போய்வரும் 80 கிலோமீட்டரில் பத்து நிமிடம் முன்னதாக வீடு வருவீர்கள். அதே வண்டியில் சில நூறு கிராம் குறைக்கப் பல ஆயிரம் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். டயருக்குக் கொடுக்கும் பணம் அதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

ஆடிக் காற்றில் நாங்குநேரி, பணகுடிப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: கணவாய் வழியாக எதிரே வரும் அந்தக் காற்றை எந்த டயராலும் வெல்ல முடியாது.

உங்கள் உண்மையான தொல்லை பஞ்சர். நெல்லைச் சீமையில் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் இல்லாத சாலையோரம் எங்கே இருக்கிறது? வேலி அடைக்கவும் விறகுக்கும் வெட்டிய கிளைகளை இழுத்துப் போகும்போது உதிர்ந்தவை, மழைநீர் அடித்துவந்து ஓரத்தில் ஒதுக்கியவை எல்லாம் சைக்கிள் போகிற அந்த இரண்டடி அகலத்தில்தான் கிடக்கும். நாற்கரச் சாலையிலோ லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய இரும்புக் கம்பிகள். முள் ஒடிந்து நுனி மட்டும் டயருக்குள் தங்கிவிட்டால் புது ட்யூபும் அரைமணியில் போய்விடும். மாதம் இரண்டு பஞ்சர் என்கிறீர்களே, அதில் ஒன்று பழைய முள்ளின் வேலையாகவே இருக்கலாம். ட்யூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடையுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும்.

ஆகவே பந்தயத்துக்கென்று செய்த மிக மெல்லிய டயரை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கான்டினென்டல் கிராண்ட் பிரிக்ஸ் 5000 மிக வேகமானது. அதே நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் முரட்டுத்தனமாக உழைக்கும், ஆனால் உருள்வதில் மந்தம். இவற்றுக்கு நடுவே, பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள, எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் வகை உங்களுக்குப் போதும். வேக மிச்சத்தில் சிறிது குறைந்தாலும், வீரவநல்லூர் வெயிலில் நின்று ட்யூப் மாற்றும் நேரத்தை நினைத்தால் கணக்கு சரியாகிவிடும்.

அகலம் 28 மி.மீ. வாங்குங்கள். முன்னே 65, பின்னே 72 பி.எஸ்.ஐ. அளவில் ஓட்டலாம், குண்டும் குழியும் பாதி மறைந்ததுபோல் இருக்கும். ஆனால் முதலில் ஃப்ரேமுக்கும் பிரேக்குக்கும் நடுவே இடத்தை அளந்து பாருங்கள். புது டயரின் இருபுறமும் மேற்புறமும் நான்கு மில்லிமீட்டராவது இடைவெளி மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் 25 மி.மீ. அளவிலேயே நல்லதாக வாங்குங்கள்.

ட்யூப்லெஸ் முறையில் உள்ளே ஊற்றும் திரவம் முள் துளையைத் தானே அடைத்துவிடும் என்பதால் நம் பகுதிக்குப் பொருத்தமானதுதான். ரிம்மும் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். நம் வெப்பத்தில் திரவம் சீக்கிரம் காய்வதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றவும் வேண்டும். அடுத்த சக்கரம் வாங்கும்போது யோசிக்கலாம்.

குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி வரை நீட்டுகிற வழக்கம் உண்டென்றால், நல்ல ரப்பர் கலவையின் அருமை ஈரச் சாலையின் வளைவில் தெரியும். ரோடு பைக் டயருக்குப் பள்ளங்கள் வெட்டிய மேற்பரப்பு தேவையில்லை. ரப்பர் எவ்வளவு பற்றுகிறது என்பதே முக்கியம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க முடியாது, பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதனால் இந்த மாதம் ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முன்சக்கரத்துக்கு வாங்கிப் போடுங்கள். பின் டயர் எப்போதும் முன்பே தேயும். அப்போது முன்னால் இருப்பதைப் பின்னுக்கு மாற்றிவிட்டுப் புதியதை முன்னால் மாட்டுங்கள்.