நாயும் காரும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். காரைத் துரத்துவது, கதவைத் திறந்ததும் குதித்து ஓடுவது, வண்டிக்கு அடியில் படுப்பது, வண்டிக்குள் விட்டுவிட்டுப் போவது என்று நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் ஆபத்தானது என்று நாய்க்குத் தெரியாது, எவ்வளவு பழக்கினாலும் அதை முழுசாகப் புரியவைக்க முடியாது. அதனால் கயிறும் வாசல் கேட்டும் கதவும் முதலில், பயிற்சி அதற்குப் பிறகு.

கேள்வி: சார், என் நாய்க்கு இரண்டு வயது, ஆடு மேய்க்கும் இனம். தூரத்தில் கார் தெரிந்ததுமே உடம்பைத் தாழ்த்தி, கண் கொட்டாமல் பார்த்து, பக்கத்தில் வந்ததும் பாய்கிறது. திட்டினேன், கயிற்றைச் சுண்டி இழுத்தேன், நாளுக்கு நாள் அதிகமாகத்தான் ஆகிறது. கெட்ட புத்தியா இது?

கெட்ட புத்தி இல்லை, பிறவிக் குணம். வெறித்துப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது எல்லாம் வேட்டையின் படிகள். பார்டர் கோலி மாதிரி மந்தை மேய்க்கும் இனங்களில் கடித்துக் கொல்லும் கடைசிப் படியை மட்டுப்படுத்தி, முன்னால் இருக்கும் படிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கூர்மையாக்கி வைத்தது மனிதர்கள்தான். ஓடுகிற ஆடு இல்லாத இடத்தில் ஓடுகிற கார் கண்ணில் படுகிறது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாய் பாய்ந்ததும் கார் போய்விடும். அது எப்படியும் போகத்தான் போகிறது, ஆனால் நாயின் கணக்கில் "நான் விரட்டினேன், அது ஓடிவிட்டது". ஒவ்வொரு காரும் அதற்கு ஒரு வெற்றி. நீங்கள் போடும் சத்தம் அந்தப் பரபரப்பைக் கூட்டத்தான் செய்யும்.

முதலில் தூரத்தைக் கூட்டுங்கள். கார் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் நாய் பதுங்கக் கூடாது, அப்படி ஓர் இடம் தேடுங்கள். கார் தெரிந்த அந்த நொடியே, உடம்பு விறைப்பதற்கு முன்னால், பெயரைச் சொல்லி அதற்கு ரொம்பப் பிடித்த தீனியைக் கொடுங்கள். கார் மறைந்ததும் தீனியும் நிற்க வேண்டும். கார் இருந்தால் தீனி, இல்லாவிட்டால் இல்லை, இது மனதில் பதிந்துவிட்டால் ஒரு நாள் கார் வந்ததும் நாயே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். நாம் காத்திருந்தது அதற்குத்தான். அது நன்றாக நிலைத்த பிறகு கொஞ்சம் நெருங்குங்கள், பாய்ந்தால் மறுபடியும் பின்வாங்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். அப்புறம், துரத்தும் ஆசையை அடக்கி வைத்தால் மட்டும் போதாது, வேலி போட்ட இடத்தில் பந்தையோ கயிற்றில் கட்டிய பொம்மையையோ தினமும் துரத்த விடுங்கள். பயிற்சி முடியும்வரை போக்குவரத்து அதிகமுள்ள சாலைப் பக்கமே போகாதீர்கள், ஏனென்றால் நடுவில் ஒரே ஒரு காரைத் துரத்திவிட்டாலும் நீங்கள் செய்த வேலை வெகுவாகப் பின்னால் போய்விடும்.

கேள்வி: அந்தத் தூரம் எத்தனை மீட்டர்?

நாய்க்கு நாய் மாறும். தீனியை வாங்கித் தின்றால் தூரம் சரி. கையில் இருப்பதை மோந்துகூடப் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் தள்ளிப் போக வேண்டும்.

கேள்வி: என் நாய் துரத்துவதில்லை, நேர்மாறாக லாரி சத்தம் கேட்டாலே வாலைக் காலுக்குள் சொருகிக்கொண்டு வீட்டுப் பக்கம் இழுக்கிறது. பழகட்டும் என்று சாலையோரமாகவே நிற்க வைக்கலாமா?

வேண்டாம். பயந்த நாயை அந்தப் பயத்துக்குள்ளேயே நிற்க வைத்தால் பழகாது, பயம் முற்றும். மேலே சொன்ன அதே முறைதான், தூரம் மட்டும் இன்னும் அதிகம். பயந்த நாய் கழுத்துப் பட்டையிலிருந்து பின்னோக்கி நழுவிவிடும், நழுவினால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லவே முடியாது. உடம்போடு பொருந்திய ஹார்னெஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஒன்றும் கழுத்துப் பட்டை ஒன்றும், இரண்டிலும் கயிறு மாட்டி நடத்துங்கள்.

கேள்வி: துரத்துவதை நிறுத்த ஷாக் அடிக்கும் காலர் வாங்கச் சொல்கிறார் நண்பர்.

வாங்காதீர்கள். வலி வரும் நொடியில் கண்ணுக்கு எதிரே எது இருக்கிறதோ அதோடுதான் நாய் அந்த வலியைச் சேர்த்துவைக்கும். அது காராகத்தான் இருக்கும் என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்? நடந்துபோகிற குழந்தையாகவோ, சைக்கிள்காரராகவோ, நீங்களாகவோ இருக்கலாம். துரத்தும் வேகத்தில் வலியே உறைக்காமலும் போகலாம், அல்லது வலியில் மிரண்டு சாலைக்குள்ளேயே ஓடலாம். துரத்துகிற நாயோடு கடிக்கிற நாயையும் சேர்த்து உருவாக்கும் கருவி அது.

கேள்வி: அண்ணா, பின்கதவைத் திறந்த மறு நொடி என் நாய் வெளியே. இரண்டு தடவை மயிரிழையில் தப்பித்தது. என்ன செய்யலாம்?

இன்றைக்கே மாற்ற வேண்டியது வரிசை. எஞ்சின் அணைந்த பிறகு கயிறு கையில், கயிறு கைக்கு வந்த பிறகு கதவு. துணைக்கு ஆள் இருந்தால் ஒருவர் உள்ளே இருந்தபடியே கயிற்றை மாட்டட்டும். தனியாக இருந்தால் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, அந்த இடைவெளியை உங்கள் உடம்பால் அடைத்து, கயிறு மாட்டிய பிறகு முழுதாகத் திறங்கள். உள்ளே ஹார்னெஸை சீட் பெல்ட்டோடு பூட்டி வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம், வெளிக் கயிறு கைக்கு வரும்வரை உள் பூட்டைத் தொடவே வேண்டாம். எப்போதும் வண்டிகள் ஓடாத பக்கத்துக் கதவு வழியாக இறக்குங்கள்.

பயிற்சியைச் சுவர் சூழ்ந்த இடத்திலோ ஷெட்டுக்குள்ளோ செய்யுங்கள். கதவைக் கொஞ்சம் திறங்கள், மூக்கு முன்னால் வந்தால் மெதுவாக மூடுங்கள் (மூக்கும் காலும் நசுங்காமல் பார்த்து), பொறுத்திருந்தால் தீனி கொடுத்து இன்னும் கொஞ்சம் திறங்கள். கதவு முழுதாகத் திறந்திருந்தும் நீங்கள் "வா" என்று சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். வேறு எந்தச் சொல்லுக்கும், நீங்கள் இறங்குவதைப் பார்த்தும்கூட, இறங்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் இதே மாதிரி செய்தால்தான் பலன், ஒருவர் மட்டும் "போடா" என்று திறந்து விட்டால் மற்றவர்கள் பட்ட பாடு வீண்.

கேள்வி: நிழலில் நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கடைக்குள் ஐந்து நிமிடம் போய்வந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

இந்த ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாக இருப்பதே இல்லை, உள்ளே போனால் வரிசை நிற்கிறது. கணக்கைப் பாருங்கள். வெளியே 24 டிகிரி செல்சியஸ், இதமான நாள் என்று நாம் சொல்லும் நாள். மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 34, அரை மணியில் 43. வெளியே 35 என்றால் பத்து நிமிடத்தில் 46, அரை மணியில் 54. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட அளவீட்டில், ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிடுவதைப் பார்த்தார்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தது பெரிய வித்தியாசம் எதையும் தரவில்லை. நிழலும் நகர்ந்துகொண்டே இருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், சுற்றியுள்ள காற்றே கொதித்தால் மூச்சிரைத்தும் பயனில்லை. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் பாதி அடைத்ததுதான். உள்ளே வர அனுமதி இல்லாத கடை என்றால் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஏசியை ஓடவிட்டுப் போனால்?

எஞ்சின் நின்றுபோகலாம், நாய் ஒரு பொத்தானை மிதிக்கலாம். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் சேரும். டெஸ்லா போன்ற சில கார்களில் நாய்க்கென்றே உள் வெப்பத்தைக் காக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினாலும் வண்டி கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள்.

கேள்வி: சூடு தாக்கிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐஸ் தண்ணீர் ஊற்றலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நிற்காமல் இரைக்கும், எச்சில் கெட்டியாகக் கோழை மாதிரி ஒழுகும், ஈறு செக்கச் சிவந்திருக்கும், தள்ளாடும், வாந்தி எடுக்கும். நாயின் சாதாரண வெப்பநிலை 38இலிருந்து 39.2 வரை, 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஐஸ் தேடி நேரத்தைப் போக்காதீர்கள், நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் சரி, அதை உடம்பு முழுக்க, முக்கியமாக வயிறும் தொடையும் நனையும்படி ஊற்றி, மேலே காற்று படவையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் துண்டே சூடாகி உடம்புச் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். குடிக்க முடிந்தால் சிறிது சிறிதாகக் கொடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். முதலில் குளிரவைப்பது, பிறகுதான் மருத்துவமனைக்குப் புறப்படுவது. எழுந்து வாலாட்டினாலும் கூட்டிப் போங்கள், சிறுநீரகமும் ரத்த உறைதலும் கெடுவது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

கேள்வி: கார் ஓடும்போது மடியில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவது எங்கள் பெண் நாய்க்கு ரொம்பப் பிடிக்கும். தடுக்க மனசு வரவில்லை.

50 கி.மீ. வேகத்தில் மோதி நிற்பது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மடியில் இருக்கும் நாயை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது, முன் சீட்டில் ஏர்பேக் வெடித்தால் அந்த அடியே கொன்றுவிடும். பின் சீட்டில், ஹார்னெஸில் பூட்டி உட்கார வையுங்கள், கழுத்துப் பட்டையில் பூட்டாதீர்கள், பிரேக் போட்டால் கழுத்து முறியும். கூண்டு என்றால் கூண்டையும் கட்டி வையுங்கள். ஜன்னல் பொத்தானை ஓட்டுநர் பக்கம் பூட்டிவிடுங்கள், தலையை நீட்டியபடி நாயே பொத்தானை மிதித்தால் கண்ணாடி கழுத்தில் ஏறும். மூக்கு மட்டும் வெளியே போகிற அளவு இடைவெளி விட்டால் வாசனை பிடிக்கும் சந்தோஷம் அவளுக்குக் குறையாது.

கேள்வி: என் நாய் சொன்ன பேச்சு கேட்கும், கயிறு இல்லாமலே என் பக்கத்தில் நடக்கும். அப்போதும் கயிறு அவசியமா?

அவசியம். 50 கி.மீ. வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 14 மீட்டர் போகிறது. ஓட்டுநர் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி, உலர்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 14 மீட்டர் அளவு. 20 மீட்டர் முன்னால் உங்கள் நாய் ஒரு பூனைக்காக ஒரே ஒரு முறை குறுக்கே ஓடினால் நல்ல ஓட்டுநராலும் ஒன்றும் செய்ய முடியாது. நூறு தடவை கேட்ட நாய் நூற்றியோராவது தடவையும் கேட்கும் என்று அதன் உயிரைப் பணயம் வைக்க எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: இழுத்தால் நீளும் கயிறு நல்லதா?

சாலையோரத்தில் வேண்டாம். பூட்டு பிடிப்பதற்குள் நாய் நடுச் சாலையில் இருக்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் சாதாரணப் பட்டைக் கயிறு போதும். ஒவ்வொரு சாலை விளிம்பிலும் நின்று, உட்கார வைத்து, நீங்கள் சொன்ன பிறகு கடக்கும் பழக்கத்தைக் குட்டியிலிருந்தே கொண்டுவாருங்கள்.

கேள்வி: என் நாய் நிறுத்திய காரின் டயரில் எல்லாம் சிறுநீர் விடுகிறான்.

வேறு நாய்களின் வாசனையைச் சுமந்து வருவது டயர்தான், அதற்குப் பதில் எழுதிவிட்டுப் போகிறான். உங்கள் வண்டியை என்சைம் கலந்த கழுவு திரவத்தால் கழுவுங்கள், அடுத்தவர் வண்டி என்றால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து வேகமாகக் கடந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கிழட்டு நாய்க்குக் காது கேட்காது, காருக்கு அடியில்தான் தூங்கும். ஹாரன் அடித்தால் போதுமா?

காது கேட்காத நாய்க்கு ஹாரன் எதற்கு? குனிந்து பாருங்கள், வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வாருங்கள். ரிவர்ஸ் கேமரா பின்னால் இருப்பதைக் காட்டும், சக்கரத்தை ஒட்டிப் படுத்திருப்பதைக் காட்டாது. இதைவிட நல்ல வழி, நாய் ஒரு அறைக்குள் போய்க் கதவு சாத்திய பிறகே சாவியை எடுப்பது என்று வீட்டில் விதி வைப்பது. மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து புது மின்சாரக் கார்கள் எல்லாம் 20 கி.மீ. வேகம் வரைக்கும் செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அந்த அளவுக்குச் சத்தமில்லாமல் கிளம்பும் வண்டிகள் அவை.

கேள்வி: என் நாயைக் கார் இடித்துவிட்டது, உடனே எழுந்து ஓடிவந்துவிட்டான், காயம் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவரிடம் போக வேண்டுமா?

இப்போதே போங்கள், மீதியை வழியில் படியுங்கள். அதிர்ச்சியில் வலி தெரியாமல் ஓடும். நுரையீரல் காயம், உதரவிதானக் கிழிசல், வயிற்றுக்குள் ரத்தக் கசிவு எதுவும் வெளியே தெரியாது, ஒரு நாள் கழித்துக்கூட மோசமாகலாம். ஈறு வெளுத்திருந்தாலோ மூச்சு வேகமாக இருந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். எழ முடியாத நாயைப் பலகையிலோ விறைப்பான விரிப்பிலோ நகர்த்தி ஏற்றுங்கள், தூக்கி மடக்காதீர்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும், வாயைத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள், ஆனால் மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தால் கட்டவே கூடாது.

கேள்வி: ஷெட்டில் கூலண்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) ஒழுகியிருக்கிறது. நாய் நக்கியதா என்று தெரியவில்லை.

நக்கியது என்றே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். பெரும்பாலான கூலண்ட்களில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஐந்து கிலோ நாய்க்கு இரண்டு மேஜைக்கரண்டியே உயிரைப் பறிக்கப் போதும். முதலில் போதை ஏறியது போலத் தள்ளாடும், பிறகு தெளிந்தது போலத் தெரியும், அதை நம்பிக் காத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நக்கிய சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் வேலை செய்யும். கூலண்ட் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், அதில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.